எலும்புத்தசையில் ஆண்ட்ரோஜன், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள்: ஆண்–பெண் வேறுபாட்டை எதால் வகுப்பது?

நார்த்துளி எழுதியது:

வணக்கம். தொடையின் வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசையிலிருந்து பயாப்சி எடுத்து, ஆண்ட்ரோஜன் ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா, பீட்டா மூன்றையும் (பாலின ஹார்மோன்கள் பிணையும் புரதங்கள்) ஆண்களிலும் பெண்களிலும் ஒப்பிடத் திட்டம். ஒவ்வொரு பாலிலும் 12 பேர், வயது 20 முதல் 35, முறையான பயிற்சி இல்லாதவர்கள். 30 மைக்ரோகிராம் மொத்தப் புரதம் ஏற்றி வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அளக்கும் முறை), ஒப்பீட்டுப் புரதமான ஜிஏபிடிஎச்-ஆல் வகுத்து முடிவு. இதுதான் கையில் உள்ள வரைவு.

வெளியான கட்டுரைகளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஆண்களின் தசையில் ஆண்ட்ரோஜன் ஏற்பி அதிகம் என்று ஒரு குழு. வேறுபாடே இல்லை என்று இன்னொரு குழு. பயிற்சிக்குப் பிறகு ஏறுகிறது, இறங்குகிறது, அசையவில்லை என மூன்று விதமாகவும் இருக்கிறது. எல்லோரும் ஒரே தசையைத்தான் எடுக்கிறார்கள். வேறுபாடு உடலில் இருக்கிறதா, அளக்கும் முறையில் இருக்கிறதா? வரைவில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

மையநார் எழுதியது:

முதலில் ஜிஏபிடிஎச்-ஐ எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் எளிது. ஜிஏபிடிஎச் கிளைகாலிசிஸ் நொதி, அதாவது குளுக்கோஸை உடைக்கும் பாதையில் வேலை செய்வது. வேக நார்களில், அதாவது வகை 2-இல், மெது நார்களைவிட அது அதிகம். ஆண்களின் வாஸ்டஸில் வகை 2 நார்களின் குறுக்குப் பரப்பு பெரிது. பெண்களில் வகை 1 நார்கள் வகை 2-க்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். ஆகவே ஒரே 30 மைக்ரோகிராமில் ஆணின் மாதிரியில் ஜிஏபிடிஎச் பேண்ட் (ஜெல்லில் தெரியும் புரதப் பட்டை) தடிமனாக வரும். அதால் வகுத்தால் ஆணின் ஏற்பி குறைந்தும் பெண்ணின் ஏற்பி கூடியும் தெரியும். ஏற்பியில் ஒரு மாற்றமும் இல்லாமலே ஒரு பால் வேறுபாடு பிறந்துவிடுகிறது. ஆக்டினை வைத்தாலும் சிக்கல் தீராது. மொத்தப் புரதச் சாயத்துக்கு மாறுங்கள். பான்சோ எஸ் போதும், ஸ்டெய்ன்-ஃப்ரீ ஜெல் இருந்தால் இன்னும் நல்லது. லேன் (ஒரு மாதிரி ஓடும் தடம்) முழுவதையும் அளக்க வேண்டும். தசையில் மிகுந்திருக்கும் மயோசின் புரதத்தின் பேண்ட் மட்டும் நிறைந்து வழிந்தால் அந்தப் பகுதியை எல்லா லேனிலும் ஒரே மாதிரி விலக்குங்கள்.

ஆனால் மொத்தப் புரதமும் முழு விடை இல்லை. இந்த ஏற்பிகள் வேலை செய்யும் இடம் உட்கரு. நார் பெரிதாகும்போது உட்கருக்கள் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒரு உட்கரு பொறுப்பேற்கும் சைட்டோபிளாசப் பரப்பு பெருகும். பெரிய நாரில் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு டிஎன்ஏ குறைவு. உட்கரு ஒன்றுக்கு ஏற்பி அளவு சமமாக இருந்தாலும், புரதத்தால் வகுத்தால் பெரிய நார்க்காரரிடம் குறைவாகத் தெரியும். நீங்கள் பார்த்த மூன்று விதக் கட்டுரைகளில் யார் எதால் வகுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே அவிழும்.

என் கருத்து: ஏற்பியின் அளவை உட்கரு ஒன்றுக்கு என்று சொல்லாத எந்த ஆண்–பெண் ஒப்பீட்டையும் முடிவாக எடுக்கக்கூடாது.

---

திரவநைட்ரஜன் எழுதியது:

ஜெல்லுக்கு முன்னால் ஊசி இருக்கிறது. மாதிரி கெட்டால் எந்த வகுத்தலும் காப்பாற்றாது.

பெர்க்ஸ்ட்ரோம் 5 மில்லிமீட்டர் ஊசி, உறிஞ்சலோடு. தோலுக்கும் தசையுறைக்கும் 1% லிடோகெய்ன். தசைக்குள் செலுத்த வேண்டாம். இரண்டு மூன்று கடியில் 100 முதல் 200 மில்லிகிராம் கிடைக்கும். உங்கள் வேலைக்கு இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: உட்கருப் பிரிப்புக்கு ஒரு துண்டு, ஆர்என்ஏவுக்கு 20 மில்லிகிராம் அளவில் ஒன்று, வெட்டுப்படலத்துக்கு நார் திசை தெரியும் ஒரு துண்டு.

இரத்தத்தை உடனே கவனியுங்கள். குளிர்ந்த உப்புநீரில் சட்டென்று அலசி, வடிதாளில் ஒற்றி, கண்ணுக்குத் தெரியும் கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் பிய்த்தெடுத்து, பிறகு உறைய வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்த ஆல்புமின் 66 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) ஓடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவும் 66-தான். இரத்தம் மிகுந்த மாதிரியில் அந்த இடத்தில் ஆல்புமின் உப்பி, அருகிலுள்ள பேண்டைத் தள்ளி நெளிய வைக்கும். இரத்தத்திலுள்ள ஆன்டிபாடியான மனித ஐஜிஜி-யின் கனச் சங்கிலி 50-ஐ ஒட்டி வரும். பீட்டா ஏற்பியைத் தேடும் இடம் அதற்குக் கொஞ்சம் மேலே. இரண்டாம் ஆன்டிபாடி மனித ஐஜிஜி-க்கு எதிராக உறிஞ்சிச் சுத்தம் செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், நீங்கள் பீட்டா என்று அளப்பது பங்கேற்பாளரின் இரத்தத்தை.

வெட்டுப்படலத் துண்டை நேராக நைட்ரஜனில் போடாதீர்கள். சுற்றிலும் ஆவி படலம் கட்டி உறைதல் மெதுவாகும். பனிப்படிகம் நாரில் ஓட்டை போடும். ஐசோபென்டேனை நைட்ரஜனில் குளிரவைத்து, அடியில் வெண்மையாக உறையத் தொடங்கும் நேரத்தில் அமிழ்த்துங்கள். ஓட்டை விழுந்த படலத்தில் நாரின் பரப்பும் தவறு, உட்கருவின் இடமும் தவறு.

---

நார்த்துளி எழுதியது:

ரொம்ப நன்றி. மையநார் சொல்வதை ஏற்றால் உட்கருவைப் பிரிக்க வேண்டும். வணிகக் கிட் வைத்துச் செய்தால் தசையில் சரியாக வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கையால் செய்யும் முறை இருந்தால் அளவுகளோடு சொல்ல முடியுமா? உட்கருவில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3-ஆல் வகுத்தால் போதுமா?

---

மையநார் எழுதியது:

கிட்கள் பெரும்பாலும் வளர்ப்புச் செல்களுக்காகச் செய்யப்பட்டவை. தசையின் மயோஃபைப்ரில் (நாருக்குள் இருக்கும் சுருங்கும் இழைகள்) அவற்றை அடைத்துவிடும். கையால் செய்வது இப்படி.

உறைந்த தசை 30 முதல் 40 மில்லிகிராம். பத்து மடங்கு கன அளவு குறை-உப்புத் தாங்கல்: 10 மில்லிமோலார் ஹெப்பிஸ் பிஎச் 7.9, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 0.5 மில்லிமோலார் டிடிடி, புரதச் சிதைவுத் தடுப்பான்கள். கத்தரியால் பொடியாக்கி, டவுன்ஸ் கண்ணாடி அரைப்பானில் 15–20 தள்ளு, எல்லாம் பனிக்கட்டி மேல். 100 மைக்ரான், பிறகு 40 மைக்ரான் வலை வழியாக வடிகட்டுங்கள். 1000 ஜி, 10 நிமிடம், 4 டிகிரி. மேலே நிற்பது சைட்டோபிளாசப் பங்கு. அதை மறுபடி உயர் வேகத்தில் சுழற்றித் தெளிய வையுங்கள். அடியில் இருப்பதை மூன்று முறை கழுவுங்கள்.

இனிதான் பலரும் வழுக்கும் இடம். அந்த அடிப்படிவில் உட்கருவோடு மயோஃபைப்ரிலும் சேர்ந்தே இறங்கியிருக்கும். வழக்கமான 420 மில்லிமோலார் உப்பு ஊற்றி உட்கருப் புரதத்தைப் பிரித்தால், அந்த உப்புச் செறிவில் மயோசினும் கரைந்து வெளியே வரும். உங்கள் உட்கருச் சாறு என்பது பெரும்பாலும் மயோசினாக இருக்கும்; அதில் பிசிஏ முறையில் புரதம் அளந்து சம அளவு ஏற்றினால் ஆணும் பெண்ணும் எவ்வளவு உட்கரு ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஹிஸ்டோன் எச்3 பற்றிக் கேட்டீர்கள். 420 மில்லிமோலாரில் எச்3 குரோமாட்டினை விட்டு வராது. உட்கருச் சவ்வைத் தாங்கும் லாமினும் அப்படியே. சாற்றில் ஏற்பியையும், சாற்றில் இல்லாத எச்3-ஐயும் வைத்து விகிதம் போடுவது அர்த்தமற்றது. ஆகவே உப்புப் பிரிப்பையே விட்டுவிடுங்கள். அடிப்படிவு முழுவதையும் 2% எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலில் கரைத்து, ஒலியலையால் சோனிகேட் செய்து டிஎன்ஏ பிசுபிசுப்பை உடைத்து, அதையே ஏற்றுங்கள். அப்போது ஏற்பியும் எச்3-உம் ஒரே லேனில் இருக்கும். எஸ்டிஎஸ் சேர்ப்பதற்கு முன் கடைசிக் கழுவலின் கலவையிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்து ஃப்ளூரசன்ட் சாயத்தால் டிஎன்ஏவும் அளந்து வையுங்கள். எச்3-உம் டிஎன்ஏவும் ஒன்றுக்கொன்று இசைந்தால் நம்பலாம்.

பிரிப்பு சுத்தமா என்று காட்ட சைட்டோபிளாசத்துக்கு ஜிஏபிடிஎச், உட்கருவுக்கு லாமின் ஏ/சி. ஜிஏபிடிஎச்-க்கு இந்த வேலை பொருந்தும்.

---

உறைப்படலம் எழுதியது:

மையநார் சொன்ன முறை சரி. ஆனால் அதில் ஒரு பால் சார்ந்த பொறி ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஸ்டீராய்டு பிணையாத ஏற்பி உட்கருவில் இறுகப் பிடித்திருக்காது. குறை-உப்பில் அரைக்கும்போது அது கசிந்து சைட்டோபிளாசப் பங்கில் போய்ச் சேரும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சைட்டோபிளாசத்தில் காத்திருந்து ஹார்மோன் வந்ததும் உள்ளே போகிறது என்று பல்லாண்டுகள் பாடமாகச் சொன்னதே இந்தக் கசிவால்தான். 1984-இல் உட்கருவிலேயே அது இருப்பதை ஆன்டிபாடி வைத்தும் உட்கரு நீக்கிய செல்களை வைத்தும் இரண்டு குழுக்கள் காட்டின. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் நடத்தை கொஞ்சம் வேறு; அது எச்எஸ்பி90 என்ற துணைப் புரதத்தோடு சைட்டோபிளாசத்திலும் இருக்கும், டெஸ்டோஸ்டீரோன் பிணைந்ததும் உள்ளே குவியும்.

இப்போது இதை ஆண்–பெண் ஒப்பீட்டில் வையுங்கள். ஆண்களின் இரத்த டெஸ்டோஸ்டீரோன், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அளந்தால், லிட்டருக்கு சுமார் 7.7 முதல் 29.4 நானோமோல். பெண்களில் பொதுவாக 1.7-க்குக் கீழே. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பெண்ணின் தசையில் ஹார்மோன் பிணையாத ஏற்பியின் பங்கு அதிகமாக இருக்கும்; அரைக்கும்போது கசிவதும் அதிகமாக இருக்கும். "பெண்களில் உட்கரு ஆண்ட்ரோஜன் ஏற்பி குறைவு" என்ற முடிவில் உண்மையான இடமாற்றம் எவ்வளவு, அரைப்பான் செய்த கசிவு எவ்வளவு என்று ஜெல் பிரித்துச் சொல்லாது.

அதனால் வெட்டுப்படலம் கட்டாயம். 8 முதல் 10 மைக்ரான் படலம், 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், 0.2% டிரைட்டான், நார் எல்லைக்கு டிஸ்ட்ரோஃபின், தசை உட்கருவுக்கு பிசிஎம்1, எல்லா உட்கருவுக்கும் டாப்பி, நாலாவது நிறத்தில் ஏற்பி. பிசிஎம்1 இல்லாமல் டிஸ்ட்ரோஃபின் கோட்டை ஒட்டிய உட்கருவை நாருடையதா, சாட்டிலைட் செல்லுடையதா (தசையின் ஸ்டெம் செல்), தந்துகிச் சுவருடையதா என்று கண்ணால் தீர்மானிப்பது ஊகம்தான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா தந்துகிச் சுவரிலும் உண்டு, கொழுப்புச் செல்லிலும் உண்டு. முழுத் தசையை அரைத்தால் அத்தனையும் ஒரே பேண்டாகிவிடும். ஒரே அமர்வில், ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரு ஆண், ஒரு பெண் எனச் சோடியாக ஒட்டுங்கள். கேமராவின் ஒளிபடு நேரத்தைப் பூட்டிவிடுங்கள்.

---

நார்த்துளி எழுதியது:

அப்படியானால் ஜெல்லில் உட்கரு, சைட்டோபிளாசம் இரண்டு பங்குகளையும் அளந்து கூட்டினால்? கசிந்தாலும் மொத்தம் மாறாதே.

---

உறைப்படலம் எழுதியது:

மொத்தம் மாறாது, உண்மை. அதையே முதன்மை அளவாக வையுங்கள்: இரண்டு பங்கின் கூட்டு, டிஎன்ஏவால் வகுத்தது. உட்கரு–சைட்டோபிளாச விகிதத்தை ஜெல்லிலிருந்து எடுக்காமல் படலத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

---

பேண்ட்_எண் எழுதியது:

பீட்டாவைத் திட்டத்திலிருந்து நீக்குங்கள் என்பேன். குறைந்தபட்சம் வெஸ்டர்னிலிருந்து.

2017-இல் ஸ்வீடன் குழு 13 பீட்டா ஆன்டிபாடிகளைச் சோதித்தது. குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் பிடித்தது ஒன்றே ஒன்று, பிபிஇசட்0506. அதற்கு முன்னர் மிகப் பரவலாகப் பயன்பட்டவை தேறவில்லை. மனிதத் தசையில் பீட்டா இருக்கிறது, பெண்களில் இப்படி, ஆண்களில் அப்படி என்று 2017-க்கு முன் வெளியானவற்றில் பலவும் தேறாத ஆன்டிபாடிகளின் மேல் நிற்பவை. எம்ஆர்என்ஏ அளவில் பார்த்தாலும் தசையில் ஆல்ஃபாவைவிட பீட்டா பல மடங்கு குறைவு. கியூபிசிஆரில் சிடி மதிப்பு (பெருக்கச் சுற்றுகளின் எண்; கூடினால் எம்ஆர்என்ஏ குறைவு) 35-ஐத் தாண்டினால் அதை ஒப்பிட்டுப் புள்ளியியல் செய்யாதீர்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கு டி6எஃப்11 அல்லது ஏஆர்441 ஆன்டிபாடி வைத்துத் தொடங்கலாம். 110 கிலோடால்டன் பேண்ட். பக்கத்தில் ஏற்பி உள்ள எல்என்கேப் செல் சாறு நேர்க் கட்டுப்பாடு, ஏற்பி இல்லாத பிசி-3 செல் எதிர்க் கட்டுப்பாடு. ஈஸ்ட்ரோஜன் ஆல்ஃபாவுக்கு எம்சிஎஃப்-7 நேர், எம்டிஏ-எம்பி-231 எதிர். எல்என்கேப்பை 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த லேன் எரிந்து, தானியங்கி வெளிப்பாட்டில் தசை லேன்கள் மங்கிப் போகும். 7.5% ஜெல், ஈர இடமாற்றம், குளிர் அறையில் 100 வோல்ட்டில் 90 நிமிடம். 110-ஐ முழுதாகக் கடத்தாமல் அரை-உலர் இடமாற்றத்தில் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு.

இன்னொன்று, நேர்கோட்டு வரம்பு. ஒரு ஆண் மாதிரி, ஒரு பெண் மாதிரி எடுத்து 5, 10, 20, 40 மைக்ரோகிராம் ஏற்றி, பேண்ட் இரட்டிப்பாகிறதா என்று முதலில் பாருங்கள். 30-இல் அது தட்டையாகியிருந்தால் ஒப்பீடு செத்தது.

---

சுழற்சிநாள் எழுதியது:

பெண் பங்கேற்பாளர்களைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லையே. "12 பெண்கள்" என்று எழுதினால் அது ஒரு குழு ஆகாது. முக்கிய ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடையால் தொடக்க ஃபாலிக்குலர் நாட்களில் (மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாட்கள்) இருப்பதற்கும் முட்டை வெளிப்படும் முன் இருப்பதற்கும் பல மடங்கு வித்தியாசம். எந்த நாளில் ஊசி போட்டீர்கள் என்று தெரியாமல் ஏற்பியின் செயல்பாட்டைப் பற்றிப் பேச முடியாது.

நாட்காட்டி எண்ணி முடிவு செய்யாதீர்கள். முட்டை வெளிவருவதைத் தூண்டும் எல்எச் ஹார்மோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையை எட்டாம் நாள் வாக்கில் தொடங்கித் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிலைதான் எடுக்க முடியும் என்றால் 2 முதல் 5-ஆம் நாள். பெண்களுக்கிடையே ஹார்மோன் சிதறல் அங்கே குறைவு. இரண்டாவது நிலை எடுப்பதானால் எல்எச் உச்சத்துக்கு 7 முதல் 9 நாள் கழித்து, அதே நாள் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் லிட்டருக்கு 16 நானோமோலைத் தாண்டியதா என்று உறுதி செய்யுங்கள். தாண்டாவிட்டால் அந்தச் சுழற்சியில் முட்டை வெளிவரவில்லை அல்லது லூட்டியல் நிலை (முட்டை வெளிவந்த பிறகான பாதி) குறைபட்டது. அந்த மாதிரியை லூட்டியல் என்று எழுதக்கூடாது.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்களைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் தனிக் குழுவாக்குங்கள். மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜனான எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ஏற்பியில் வலுவாகப் பிணையும், ஆனால் ஈஸ்ட்ரடையால் பரிசோதனை அதைக் காட்டாது. உடலின் சொந்த ஈஸ்ட்ரடையால் அடங்கிப் போயிருப்பதால் அறிக்கையில் எண் தரையில் கிடக்கும். அதை வைத்து "ஹார்மோன் இல்லை, ஏற்பி மட்டும் செயல்படுகிறது" என்று எழுதினால் முழுத் தவறு. போதாக்குறைக்கு அந்த மாத்திரை டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்துவைக்கும் எஸ்எச்பிஜி புரதத்தைக் கல்லீரலில் கூட்டி, கட்டற்ற டெஸ்டோஸ்டீரோனையும் குறைக்கும். இரண்டு ஏற்பிகளுக்குமே ஹார்மோன் நிலை மாறிவிடுகிறது.

அளவீடு: இரத்தம் காலையில், வெறும் வயிற்றில், ஊசிக்கு முன்னால். எல்சி-எம்எஸ்/எம்எஸ் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை) மட்டும். பெண்களின் டெஸ்டோஸ்டீரோன் அளவில் சாதாரண இம்யூனோஅசே (ஆன்டிபாடி வழி அளக்கும் சோதனை) நம்பத் தகாதது; மற்ற ஸ்டீராய்டுகளோடு குறுக்கே பிணைந்து எண்ணை ஏற்றிக் காட்டும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இப்போது நிறைய. பல இம்யூனோஅசேக்களை அது குலைக்கும் என்பதால் கேள்வித்தாளில் ஒரு கட்டம் போடுங்கள்.

---

தரவுக்கிடங்கு எழுதியது:

இவ்வளவு சிரமப்பட்டு ஏற்பிப் புரதத்தை அளப்பதை விட, அதன் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பது பலனளிக்கும் என்பது என் நிலைப்பாடு. ஏற்பி இருப்பது ஒன்று, அது மரபணுவை இயக்குவது வேறு.

2020-இல் வெளிவந்த, மனிதத் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டைத் தொகுக்கும் ஜிடிஇஎக்ஸ் திட்டத்தின் ஆய்வு 44 திசுக்களைப் பார்த்தது. மரபணுக்களில் 37% ஏதாவது ஒரு திசுவிலாவது பாலுக்கேற்ப வேறுபட்டன. ஆனால் ஒவ்வொன்றின் வேறுபாடும் பெரும்பாலும் சிறியது. தசையில் மட்டும் பார்த்த பழைய ஆய்வொன்றில் ஜிஆர்பி10, ஏசிவிஆர்2பி இரண்டின் எம்ஆர்என்ஏவும் பெண்களில் அதிகம். முதலாவது இன்சுலின், ஐஜிஎஃப்-1 சமிக்ஞையை அடக்குவது. இரண்டாவது மயோஸ்டாட்டின் பிணையும் ஏற்பி. தசை வளர்ச்சிக்கு இரண்டும் கடிவாளம். ஆண்ட்ரோஜன் ஏற்பியைச் சுற்றியே நிற்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்ணுக்கு இரட்டிப்பு வெளிப்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ்-இல் அது முடக்கப்படுகிறது. ஆனால் இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. மரபணுவின் முதல் எக்ஸானில் சிஏஜி என்ற மூன்றெழுத்து டிஎன்ஏ மறுநிகழ்வு நீளமானால் ஏற்பியின் செயல்திறன் குறையும். ஆணிடம் ஒரே நீளம். பெண்ணிடம் இரண்டு, எது எந்தச் செல்லில் விழித்திருக்கிறது என்பது சமமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டின் சராசரியை எடுத்து ஆணோடு ஒப்பிடுவது தவறு. முடக்கப்படாத எக்ஸ்-இன் டிஎன்ஏவை மட்டும் வெட்டும் எச்பிஏ2 நொதியால் வெட்டி, அதே சிஏஜி பகுதியைப் பெருக்கி, முடக்க விகிதத்தையும் கண்டுபிடித்து எடையிட்ட சராசரி எடுக்க வேண்டும். அதையும் இரத்த டிஎன்ஏவில் செய்யாமல் தசை டிஎன்ஏவில் செய்யுங்கள். இரத்தத்தின் முடக்க விகிதம் தசையின் விகிதமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

---

மையநார் எழுதியது:

தரவுக்கிடங்கு, எம்ஆர்என்ஏ வேறுபாட்டை ஏற்பியின் வேலை என்று எப்படிச் சொல்வீர்கள்? நார்வகை விகிதம் மாறினாலே ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறும். பெண்களின் தசையில் வகை 1-இன் பரப்பு அதிகம் என்பதே உங்கள் பட்டியலில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும்.

---

தரவுக்கிடங்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் எம்ஒய்எச்7, எம்ஒய்எச்2 (வகை 1, வகை 2ஏ நார்களின் மயோசின் மரபணுக்கள்) விகிதத்தைப் புள்ளியியல் மாதிரியில் துணை மாறியாகச் சேர்க்க வேண்டும். ஒற்றை உட்கரு ஆர்என்ஏ வரிசைமுறை செய்ய முடிந்தால் இந்த வாதமே தேவையில்லை. உறைந்த தசையே போதும், உங்கள் அதே டவுன்ஸ் முறைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நார்வகை விகிதமே ஹார்மோனின் விளைவாக இருந்தால், அதைத் துணை மாறியாக்கிக் கழிப்பது தேடும் விடையையே கழிப்பதாகும். இரண்டு விதமாகவும், கழித்தும் கழிக்காமலும், முடிவை வெளியிட வேண்டும்.

---

நரம்புத்தசை எழுதியது:

மருத்துவப் பக்கத்திலிருந்து இரண்டு சான்றுகள். ஏற்பியும் ஹார்மோனும் எப்படிப் பெருக்கல் கணக்காக வேலை செய்கின்றன என்பதற்கு ஆய்வகச் சோதனையைவிட இவை தெளிவு.

கென்னடி நோய். ஆண்ட்ரோஜன் ஏற்பியின் சிஏஜி மறுநிகழ்வு 38 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது வருவது. 1991-இல் இந்தக் காரணம் கண்டறியப்பட்டது. ஆண்களில் தசை தேய்ந்து பலவீனமாகும். இரண்டு எக்ஸ்-இலும் நீண்ட மறுநிகழ்வு உள்ள பெண்கள் அரிதாக உண்டு. அவர்களுக்குக் குறைபட்ட ஏற்பி மட்டுமே இருக்கிறது, ஆனாலும் தசைப்பிடிப்பு, துடிப்பு என்ற அளவில் லேசாக நின்றுவிடுகிறது. நச்சு வெளிப்பட டெஸ்டோஸ்டீரோன் பிணைந்து ஏற்பி உட்கருவுக்குள் போக வேண்டும். அதனால்தான் டெஸ்டோஸ்டீரோனை அடக்கும் லியூப்ரோரெலினை ஜப்பான் 2017-இல் இந்நோய்க்கு அனுமதித்தது.

மறுதலை, முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. எக்ஸ்ஒய் குரோமோசோம், ஆண்களின் வரம்பில் டெஸ்டோஸ்டீரோன், ஆனால் ஏற்பி வேலை செய்யாது. உடலமைப்பு பெண்ணுடையது. ஹார்மோன் எண்ணை மட்டும் பார்ப்பவர் இங்கே முழுக்கத் தவறிவிடுவார்.

எலியிலும் இதே கதைதான். ஆண்ட்ரோஜன் ஏற்பியை உடல் முழுவதும் நீக்கினால் ஆண் எலியின் தசை எடையும் வலுவும் குறைகின்றன. பெண் எலியில் மாற்றம் இல்லை. 2008-இல் வந்த முடிவு. பெண் எலியில் அந்த இடத்தை ஈஸ்ட்ரோஜன் ஆல்ஃபா பிடிக்கிறது: சாட்டிலைட் செல்களில் அதை நீக்கினால் அச்செல்களின் எண்ணிக்கையும், காயத்துக்குப் பின் தசை மீள்வதும் குறைகின்றன. மாதவிடாய் நிற்கும் கட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே பெண்களிடம் எடுத்த பயாப்சிகளில் ஈஸ்ட்ரடையால் விழ விழ சாட்டிலைட் செல்களும் குறைந்ததை 2019-இல் காட்டினார்கள்.

---

ஓடுபாதை எழுதியது:

நான் பயிற்சியாளர் பக்கம். மேலே உள்ளதெல்லாம் பயனுள்ளது, ஐயா. ஆனால் எங்களிடம் வரும் கேள்வி வேறு: பெண் வீரர்களின் எடைப் பயிற்சியை மாதச் சுழற்சி பார்த்து மாற்றி அமைக்க வேண்டுமா? ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் ஏற்பி விழித்திருக்கும், அப்போது கனமாகத் தூக்கினால் தசை கூடும் என்று விற்கிறார்கள்.

---

சுழற்சிநாள் எழுதியது:

இன்றைய சான்று அதை ஆதரிக்கவில்லை. மெக்மாஸ்டர் குழு 2025-இல் ஃபாலிக்குலர், லூட்டியல் இரண்டு நிலைகளிலும் எடைப் பயிற்சிக்குப் பின் தசைப் புரத உற்பத்தியை அளந்தது, வேறுபாடு இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2014-இல் செய்த வேறொரு ஆய்வில் டெஸ்டோஸ்டீரோனும் புரோஜெஸ்டிரோனும் புரத உற்பத்தியைத் தூண்டின, ஈஸ்ட்ரடையால் தூண்டவில்லை. ஈஸ்ட்ரோஜனின் வேலை பெரும்பாலும் பராமரிப்பு, மீட்சி, மைட்டோகாண்ட்ரியா பக்கம். சில நாள் ஏற்ற இறக்கத்தைத் துரத்திப் பயிற்சியை வளைப்பதற்கு அடிப்படை இல்லை. வலி, தூக்கம், இரத்தப்போக்கு இவற்றைப் பார்த்து அந்தந்தப் பெண்ணுக்கு ஏற்ப மாற்றுவது வேறு; அது நியாயமானது.

---

பேண்ட்_எண் எழுதியது:

ஓடுபாதைக்கு இன்னொரு பக்கம். 2018-இல் பயிற்சி பெற்ற 49 ஆண்களிடம் 12 வாரம் எடைப் பயிற்சி. தசை வளர்ச்சியோடு தொடர்பு காட்டியது இரத்த ஹார்மோன் அளவு அல்ல, தசைக்குள் இருந்த ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவு. பயிற்சியால் அந்த ஏற்பி அளவும் மாறவில்லை. ஆனால் அது ஆண்களின் இயல்பான வரம்புக்குள் மட்டும். வரம்பைத் தாண்டி ஹார்மோனை மாற்றினால் கதை மாறும்: 2001-இல் உடலின் சொந்தச் சுரப்பை அடக்கி வாரம் 25, 50, 125, 300, 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் எனாந்தேட் 20 வாரம் கொடுத்தபோது தசை அளவு டோஸுக்கேற்ப ஏறியது. பெண்களில் 2020-இன் ஸ்வீடன் ஆய்வு: 48 பேர், 10 வாரம், தினம் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் பூச்சு அல்லது போலிப் பூச்சு. இரத்த அளவு 0.9-இலிருந்து 4.3 நானோமோலுக்கு ஏறியது. சோர்ந்து நிற்கும்வரை ஓடும் நேரம் 8.5% கூடியது. பெண்களின் தசையில் ஏற்பி தயாராகத்தான் இருக்கிறது, ஹார்மோன்தான் குறைவு.

இந்த ஒப்பீட்டில் எந்தத் தசை என்பதும் முக்கியம். கழுத்தடி ட்ரப்பீசியஸில் ஆண்ட்ரோஜன் ஏற்பி உள்ள உட்கருக்களின் விகிதம் வாஸ்டஸைவிட அதிகம் என்று 2000-இலேயே காட்டியாகிவிட்டது. தொடையில் பார்த்ததை "எலும்புத்தசை" என்று தலைப்பில் விரிக்காதீர்கள்.

---

நார்த்துளி எழுதியது:

வரைவை மாற்றிவிட்டேன். பீட்டா புரதம் நீக்கம். முதன்மை அளவு: இரண்டு பங்கின் கூட்டு ஏற்பி, டிஎன்ஏவால் வகுத்தது. உட்கரு இடமாற்றம் படலத்திலிருந்து, பிசிஎம்1 நேர் உட்கருக்களில் மட்டும். பெண்கள் 2–5-ஆம் நாள், மாத்திரை இல்லாதவர்கள். ஹார்மோன்கள் எல்சி-எம்எஸ்/எம்எஸ். இரண்டு ஐயங்கள் பாக்கி. பயிற்சி நிலையை ஆண்–பெண்ணிடையே எதை வைத்துச் சமப்படுத்துவது? தசைக்குள்ளிருக்கும் ஹார்மோனையும் அளக்க வேண்டுமா?

---

திரவநைட்ரஜன் எழுதியது:

முதலாவதற்கு: அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வை உடல் எடைக்கு அல்ல, டெக்ஸா (உடல் கொழுப்பைப் பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) காட்டும் கொழுப்பற்ற எடைக்கு வகுத்துச் சமப்படுத்துங்கள். உடல் எடைக்கு வகுத்தால் பெண்களின் கூடுதல் கொழுப்பு அவர்களைப் பயிற்சி குறைந்தவர்களாகக் காட்டும். சமப்படுத்தப் போய் நன்கு பயின்ற பெண்களையும் பயிலாத ஆண்களையும் சேர்த்துவிடுவீர்கள். தாங்குதிறன் பயிற்சி பெற்ற ஆண்களின் தசையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் எம்ஆர்என்ஏ கூடுதல் என்று கரோலின்ஸ்கா குழு 2005-இல் காட்டியது. அதனால் இந்தப் பிழை நேராக உங்கள் முடிவுக்குள் வரும். ஊசிக்கு முன் 72 மணி நேரம் கடும் உடற்பயிற்சி கூடாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

இரண்டாவது: மாதிரி மிஞ்சினால் அளங்கள். தசைக்குள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ், அரோமடேஸ் என்ற ஹார்மோன் மாற்றும் நொதிகள் இருக்கின்றன; முன்னோடி ஹார்மோனான டிஎச்இஏ-விலிருந்து உள்ளேயே ஹார்மோன் தயாராகிறது. பின்லாந்தின் யுவாஸ்குலா குழு மாதவிடாய் நின்ற பெண்களின் தசையில் பார்த்தபோது, இரத்தத்தில் விழுந்த அளவுக்கு உள்ளே ஈஸ்ட்ரடையால் விழவில்லை. இரத்த எண்ணை மட்டும் வைத்து ஏற்பிக்கு எவ்வளவு ஹார்மோன் கிடைத்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். ஆனால் இதற்கு 50 மில்லிகிராமாவது தனியாக வேண்டும், அதில் கொழுப்பு ஒட்டியிருக்கவே கூடாது. ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும். ஒரு சிறு கொழுப்புத் துணுக்கு எண்ணை மாற்றிவிடும். உறைந்த துண்டை உலர்-உறைதல் செய்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். தசை நார் இழையாகப் பிரியும், இரத்தம் கருஞ்சிவப்புப் பொடியாக உதிரும், கொழுப்பு இடுக்கியின் முனையில் பளபளவென்று ஒட்டும். அந்த நிலையில் பிரித்தெடுத்தால் ஈர எடைக்குப் பதில் உலர் எடைக்கு வகுக்கலாம்.

100 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கிடைத்தவர்களிடம் இதைக் கைவிட்டு உட்கருப் பிரிப்புக்கும் படலத்துக்கும் முன்னுரிமை கொடுங்கள். எந்தத் துண்டு எதற்கு என்ற வரிசையை ஊசி போடும் அறையின் சுவரிலேயே ஒட்டிவையுங்கள். ஆண்களிடம் பெரும்பாலும் கூடுதல் மாதிரி கிடைக்கும், வரிசை இல்லாவிட்டால் விடுபட்ட அளவுகள் எல்லாம் பெண்கள் பக்கமே சேரும்.